கோல் கம்பத்துக்கு அடி

நான் ஓய்வு பெற்ற ஒரு கெய்லிக் கால்பந்து வீராங்கனை. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் முழங்காலைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு கதையை வேறு பக்கம் திருப்புவார்கள். சுவிற்சர்லாந்தின் பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முள் பொருத்துகிறவள் நான். புதன்கிழமைப் பின்னேரங்களில் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். ஐம்பது வயதுக்கு அதிக தூரம் இல்லை. அப்படிப்பட்ட ஒருத்தி ஓய்வு பெறுவதென்றால் வேலையிலிருந்துதான் பெற வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

விளையாட்டு இதுதான். அயர்லாந்துக்காரருடையது. பந்து உருண்டையானது. கையால் பிடிக்கலாம், காலால் அடிக்கலாம், முஷ்டியால் குத்தலாம். இரண்டு கம்பமும் குறுக்கே ஒரு கம்பமும். பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி, கீழால் வலைக்குள் போனால் மூன்று புள்ளி. கம்பங்களுக்குப் பக்கத்தில் கொடியோடு ஆட்கள் நிற்பார்கள். மேலால் போனால் வெள்ளைக் கொடியை உயர்த்துவார்கள், கீழால் போனால் பச்சைக் கொடியை. நான் விளையாடத் தொடங்கியபோது எனக்கு இவ்வளவுகூடத் தெரியாது.

மகள் பேர்னில் தாதிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வேலை பழகிய மருத்துவமனை விடுதியில் இருந்த அயர்லாந்துத் தாதி ஒருத்தி அவளை ஒரு சனிக்கிழமை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சூரிச்சுக்கு வெளியே, றக்பி விளையாடுகிறவர்களிடம் இரவல் வாங்கிய மைதானம். எனக்கு அவள் யோகா வகுப்புக்குப் போவதாகத்தான் தெரியும். முதல் வருடமே தோள்பட்டை எலும்பு முறிந்து, கையைத் தூக்குத்துணியில் கட்டிக்கொண்டு, சிரித்தபடி வீட்டு வாசலில் வந்து நின்றாள். யோகாவில் எலும்பு முறியுமா என்று நான் இணையத்தில் தேடத் தொடங்கிய பிறகுதான் உண்மையைச் சொன்னாள்.

"இனி நீ அங்கை போகேலாது," என்றேன்.

"அம்மா, பஸ்ஸிலை போனாலும் விழலாம்."

என் கணவர் பீல் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். சாப்பாட்டை விட்டுத் தலையை நிமிர்த்தினார். "என்ரை பஸ்ஸிலை இண்டைவரைக்கும் ஒருத்தரும் விழேல்லை," என்றார். அதோடு அவருடைய பங்கு முடிந்தது.

நான் விடவில்லை. தேநீர் குடிக்கும்போதும் சொன்னேன், உடுப்புக் காயப் போடும்போதும் சொன்னேன், அவள் ரயிலில் இருக்கும்போது தொலைபேசியிலும் சொன்னேன். எலும்பு பொருந்தி, பயிற்சிக்குத் திரும்பப் போகும் நாள் வந்தபோது அவளுக்கு அலுத்துவிட்டது.

"சரி. ஒருக்கா நீங்களே வந்து விளையாடிப் பாருங்கோ. அதுக்குப் பிறகும் நிப்பாட்டு எண்டு சொன்னா, நான் நிப்பாட்டுறன். சத்தியமா."

நான் வரமாட்டேன் என்று நினைத்துத்தான் சொன்னாள். நானோ ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு வருவதற்காகப் போனேன். காலில் தொழிற்சாலைக்குப் போடுகிற சப்பாத்து.

பயிற்சியாளர் மருந்துக் கொம்பனி ஒன்றில் வேலை செய்கிற அயர்லாந்துப் பெண். பேச்சை முடிக்க விடமாட்டார். அவருடைய கோல்காப்பாளர் முந்திய வாரம் நாடு திரும்பியிருந்தார். என்னைக் கண்டதும், முன்பு ஏதாவது பந்து விளையாடியிருக்கிறீர்களா என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியில் வலைப்பந்து விளையாடினேன் என்றேன். எந்த இடத்தில் என்றார். கோல்காப்பு என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை. நான் சம்மதித்தேனா என்பதையும் கேட்கவில்லை. கையுறைகளைத் தந்து, கம்பங்களுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

அங்கே நின்றபோதுதான் ஒன்று தெரிந்தது. மகள் விளையாடுவது தடுப்பில், கோலுக்கு நேர் முன்னால். கோலில் நிற்கிறவளுக்கு அவளுடைய முதுகு முழு நேரமும் தெரியும். யார் எங்கிருந்து ஓடி வருகிறார்கள், யாருடைய தோள் அவள் பக்கம் திரும்புகிறது, எல்லாம் தெரியும். வீட்டிலிருந்து ஒன்றும் தெரியாமல் பயப்படுவதைவிட, பின்னால் நின்று எல்லாம் தெரிந்துகொண்டு பயப்படுவது எவ்வளவோ சுகம். சொல்ல வந்த சொல்லை அன்றைக்குச் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். அப்படியே மூன்று பருவங்கள் போய்விட்டன.

என் ஆட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவள் அடி எடுத்து வைக்கக் கூடாது. ஊன்றிய கால் ஊன்றியபடி இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் எங்கள் உடற்பயிற்சி ரீச்சர் இதை எங்கள் கால்களில் ஏற்றியிருந்தார். முதல் போட்டியில் ஒரு நல்ல பந்து நேராக என் கைக்கு வந்தது. பிடித்தேன். பிடித்ததும் கால் நட்டதுபோல் நின்றுவிட்டது. அப்படியே நின்று, யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரணிப் பெண் ஒருத்தி ஓடிவந்து, என் கையிலிருந்த பந்தைக் கதவைத் தட்டுவதுபோல் தட்டி, வலைக்குள் போட்டுவிட்டுப் போனாள்.

"ஏன் அம்மா நிண்டனீங்கள்?" என்றாள் மகள்.

"பந்து கையிலை இருந்துது."

"அதுக்கு?"



இரண்டாவது பழக்கம் இன்னும் மோசமானது. ஆனால் அதுவே என்னை அணியில் வைத்திருந்தது. வலைப்பந்தில் பந்து வைத்திருக்கிறவளிடமிருந்து மூன்று அடி தள்ளி நிற்க வேண்டும். தள்ளி நின்று கைகளை நேரே மேலே தூக்கலாம். கெய்லிக் கால்பந்தில் ஒருத்தி பந்தோடு பாய்ந்து வரும்போது கோல்காப்பாளர் முன்னேறி அவளுடைய காலடியில் விழ வேண்டுமாம். நான் மரியாதையாக ஓர் அடி பின்வாங்கி, இரண்டு கைகளையும் வானத்துக்கு உயர்த்தி, அசையாமல் நின்றேன். பாய்ந்து வந்தவள் குழம்பிப்போனாள். நான் சரணடைகிறேனா, சாமி கும்பிடுகிறேனா என்று அவளுக்குப் புரியவில்லை. பந்தை அவசரமாகக் குறுக்குக் கம்பத்துக்கு மேலால் அடித்துவிட்டாள். மூன்று புள்ளி எடுக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி.

அடுத்தவளும் அப்படியே செய்தாள். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் என்னைக் கட்டிப்பிடித்து, இந்த உத்தியை எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில், சுண்டுக்குளிப் பக்கத்தில் என்றேன். அடுத்த பயிற்சியில் மாற்றுக் கோல்காப்பாளருக்கும் கைகளைத் தூக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அவள் தூக்கினால் யாரும் குழம்பவில்லை. உயரமான சுவிஸ் பெண் கையைத் தூக்கினால் அது கையைத் தூக்குவதுதான்.

பந்தைத் தூர உதைக்க எனக்கு வராது. கோலிலிருந்து உதைக்க வேண்டிய பந்துகளை மகள்தான் வந்து உதைப்பாள். ஒவ்வொரு முறையும் பந்தை நிலத்தில் வைத்து நாலு எட்டுப் பின்னால் வருவாள். அந்தச் சின்ன நேரத்தில் எங்கள் வீட்டுக் கதை நடக்கும்.

"தண்ணி குடிச்சனியோ?"

"அம்மா, பிறகு."

"அந்த ஒன்பதாம் நம்பர் உன்னைத்தான் பாக்கிறாள்."

"அவ என்னைப் பாக்கத்தான் வேணும். நான்தானே அவவை மறிக்கிறன்."

"அவவின்ரை முழங்கையைப் பார் பிள்ளை."

ஆட்டம் நடக்கும்போது நான் சும்மா நிற்கமாட்டேன். "பின்னாலை பார்", "மெல்ல", "விலத்து", "விடு, நான் எடுக்கிறன்" என்று கத்திக்கொண்டே இருப்பேன். கோல்காப்பாளர் கத்தத்தான் வேண்டும், நீங்கள் இயற்கையாகவே சிறந்த கோல்காப்பாளர் என்று பயிற்சியாளர் பாராட்டினார். நான் மகளுக்கு மட்டுமே கத்துகிறேன் என்பதை அவர் கவனிக்கவில்லை. மற்றத் தடுப்புக்காரிகளுக்கு என்ன நடந்தாலும் அவர்களுடைய அம்மாமார் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

கோயிலில் ஒரு தெரிந்த அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "நீர் ஏதோ குத்துச்சண்டை பழகுறீராம். வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?" என்றார்.

"இல்லை அக்கா. பந்து விளையாடுறன். பிள்ளைக்குப் பாதுகாப்பா."

அவர் என் கையில் பந்து பட்ட நீலக் கண்டலைப் பார்த்தார். திருநீறு கொஞ்சம் கூடுதலாகப் பூசிவிட்டார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். இந்த வரியையே நாலு தடவை வெட்டி வெட்டி எழுதுகிறேன். மணிக்கூட்டு முள் பொருத்துகிறவளுக்கு இது நல்லதில்லை.

கோடைத் தொடரின் கடைசி ஆட்டம். எதிரணி ஜேர்மனியிலிருந்து வந்தது. ஆட்டத்துக்கு முன், சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்த என் பக்கத்தில் மகள் வந்து குந்தினாள்.

"அம்மா, ஒண்டு கேக்கிறன், கோவிக்கக் கூடாது."

"என்ன?"

"இண்டைக்கு ஒரு மட்ச் மட்டும் வாயைத் திறக்காதேங்கோ. எனக்கு இருபத்திரண்டு வயசு. எல்லா ரீமிலையும் என்னை 'மெல்ல' எண்டுதான் கூப்பிடுகினம். அது என்ரை பேர் எண்டு நினைக்கினம்."

கோபிக்கவில்லை. வலித்தது. ஆனால் ஒரு ஆட்டம்தானே, பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டுவிட்டது, கொடுத்துவிடலாம் என்று நினைத்து, சரி என்றேன். ஆட்டம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முழங்கைகள் அவளைத் தாண்டிப் போயின. நான் ஒரு சத்தமும் போடவில்லை. பயிற்சியாளர் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று வெளியிலிருந்து கை காட்டிக் கேட்டார்.

முடியப் போகும் நேரம் நாங்கள் இரண்டு புள்ளி முன்னால் நின்றோம். எதிரணி தூரத்திலிருந்து உயர அடித்தது. பந்து மேலே போய், குறுக்குக் கம்பத்தைத் தாண்டாமல், கோலுக்கு முன்னால் செங்குத்தாக இறங்கியது. மகள் வானத்தைப் பார்த்தபடி பின்னால் பின்னால் வந்தாள். நான் வானத்தைப் பார்த்தபடி முன்னால் முன்னால் போனேன். வேறு எந்த நாளிலும் "விடு, நான் எடுக்கிறன்" என்று கத்தியிருப்பேன். அவளும் விட்டிருப்பாள். அன்றைக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

என் முழங்கை அவளுடைய நெற்றிப்பொட்டில் பட்டது. மூன்று வருடமாக எல்லோருடைய முழங்கையையும் கண்காணித்துவிட்டு, என்னுடையதைப் பார்க்கவில்லை. பந்து எங்கோ வெளியே உருண்டு போனது. அவள் கம்பத்தின் அடியில் போய் விழுந்து, அசையாமல் கிடந்தாள்.

அதற்குப் பிறகு நான் செய்தது என்னைக் கேட்டுச் செய்ததில்லை. குழந்தை விழுந்து அழுதால் நாங்கள் என்ன செய்வோம்? விழுத்திய கதிரைக்கு ஒரு அடி, வழுக்கிய நிலத்துக்கு ஒரு அடி. "என்ரை பிள்ளையை விழுத்தினனியோ?" என்று கேட்டு அடிப்போம். குழந்தை அழுகையை நிறுத்தும். மகள் சின்னவளாக இருந்தபோது எங்கள் வீட்டு மேசைக்கால் என்னிடம் வாங்காத அடி இல்லை. கம்பத்துப் பக்கத்தில் கொடிக்கு நின்றவன் பிரான்ஸ் பக்கத்து அணி ஒன்றின் நெட்டையான பையன். அவன் கையிலிருந்த கொடிகளில் ஒன்றைப் பறித்தேன். ஓங்கிக் கம்பத்துக்கு அடித்தேன். திரும்பத் திரும்ப அடித்தேன். "கண் தெரியேல்லையோ உனக்கு? கண் தெரியேல்லையோ?" என்று கேட்டேன்.

பறித்தது பச்சைக் கொடி.

நடுவர் மைதானத்தின் நடுவில், வெயிலுக்கு முகம் காட்டி நின்றார். கோலடியில் பச்சைக் கொடி ஏறி ஏறி இறங்குவதுதான் அவருக்குத் தெரிந்தது. விசில் ஊதினார், எதிரணிக்கு மூன்று புள்ளி கொடுத்தார். ஜேர்மன்காரிகள் துள்ளிக் குதித்தார்கள். மகள் விழுந்து கிடப்பதை அவர் கண்டது அதற்குப் பிறகுதான். ஓடி வந்தார், பயிற்சியாளரும் ஓடி வந்தார். தான் கொடி காட்டவில்லை என்று நெட்டைப் பையன் சொன்னான்.

"அப்படியானால் யார் காட்டியது?" என்றார் நடுவர்.

"கோல்காப்பாளர்."

நடுவர் என்னைப் பார்த்தார். கொடி இன்னும் என் கையில் இருந்தது. தான் எத்தனையோ வருடமாக ஊதுவதாகவும், தனக்கு எதிராகத் தானே கொடி காட்டிய கோல்காப்பாளரை இன்றுதான் காண்பதாகவும் சொன்னார். பயிற்சியாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நடுவர் கையை உயர்த்தினார். இவ்வளவு நேர்மையான ஒருவரைச் சந்தேகிக்கத் தன்னால் முடியாது என்றார். ஒரு புள்ளியால் தோற்றோம்.

மகள் ஒரு கண்ணைத் திறந்தாள். "அம்மா, அது கம்பம். அதுக்கு நோகாது," என்றாள். சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்தவில்லை.

நிறுத்தாததுதான் பிரச்சினையாகிவிட்டது. மருத்துவமனையின் அவசரப் பிரிவிலும் சிரித்தாள். காரணமில்லாத சிரிப்பு மூளை அதிர்ச்சிக்கு அறிகுறியாக இருக்கலாம் என்று இளம் மருத்துவர் ஒருவர் கவலைப்பட்டார். அவளே தாதிப் படிப்புப் படித்தவள், "காரணம் இருக்கு டொக்டர்" என்று சொல்லப் பார்த்தாள், சொல்லத் தொடங்கியதும் மறுபடி சிரித்தாள்.

"யார் அடித்தது?" என்று ஜேர்மன் மொழியில் கேட்டார் மருத்துவர்.

"அம்மா."

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். நான் இன்னும் முழங்கால்வரை சேற்றோடு நின்றேன். மிகப் பணிவாக, தயவுசெய்து கொஞ்ச நேரம் வெளியே இருக்க முடியுமா என்று கேட்டார். கதவு மூடியது. வீட்டில் பயமில்லாமல் இருக்க முடிகிறதா, இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறதா என்று அவளிடம் தனியாகக் கேட்டாராம். இதற்கு முன் மேசையைத்தான் அடிப்பா என்றாளாம் இவள்.

நடைபாதைக் கதிரையில் இருந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் வருவதில்லை. எல்லோரும் இந்தக் கதையை என்னைக் கொண்டு திரும்பத் திரும்பச் சொல்வித்துச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிற மாதிரித்தான் சொல்கிறேன். அவள் கண்ணைத் திறக்காமல் கிடந்த அந்த நேரம் மட்டும் கதைக்குள் வர மறுக்கிறது. நான் கொடியைப் பறித்தது அவளைப் பார்க்கப் பயந்துதான். கம்பத்தை அடித்துக்கொண்டிருக்கும்வரைக்கும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

சின்ன மூளை அதிர்ச்சி, சில வாரம் ஓய்வு என்று அனுப்பினார்கள். கணவர் காரில் வந்து கூட்டிக்கொண்டு போனார். வழியில் ஒவ்வொரு வளைவிலும் பேருந்தில் முட்டைக்கூடை ஏற்றியவர்போல் ஓட்டினார். பீல் வந்ததும், "இனி வீட்டிலை ஆர் ஆரிட்டை இருந்து ஆரைக் காப்பாத்துறது எண்டு நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சுச் சொல்லுங்கோ. நான் அதுக்கேற்ற மாதிரி லீவு எடுக்கிறன்," என்றார்.

என் ஓய்வை மறுநாளே அறிவித்தேன். பயிற்சியாளர் தொலைபேசியில் அழுதேவிட்டார். இனி முதலாம் இலக்கச் சட்டையை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டோம், அதைச் சட்டம் போட்டு மாட்டப் போகிறோம் என்றார். இரண்டு நாள் கழித்து மறுபடி எடுத்தார். சட்டை ஒரு தொகுதிதான் இருக்கிறது, தோய்த்து அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

ஓய்வு வாரங்கள் முடிந்தன. மருத்துவர் விளையாடலாம் என்று சொல்லிவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் மகள் கரண்டியை வைத்தாள்.

"அம்மா, அண்டைக்கு ஒரு சத்தியம் செய்தனான். நீங்கள் விளையாடிப் பாத்திட்டு நிப்பாட்டு எண்டு சொன்னா நிப்பாட்டுறன் எண்டு. நீங்கள் இன்னும் சொல்லேல்லை."

"ஓம்."

"இப்ப கேக்கிறன். நிப்பாட்டட்டோ?"

பகிடிக்குக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் சொன்னால் அவள் உண்மையாகவே நிறுத்திவிடுவாள். மூன்று பருவமாக நாக்கின் நுனியில் வைத்திருந்த சொல் அது. ஆனால் அவளுடைய நெற்றியில் இன்னும் மஞ்சளாக இருந்த கண்டல் என் முழங்கையின் அளவில் இருந்தது. எல்லோரிடமிருந்தும் அவளைக் காப்பதற்காக நிறுத்தச் சொல்லலாம். என்னிடமிருந்து காப்பதற்காக எப்படிச் சொல்வது? அதற்கு நான் நிறுத்தினால் போதும். நான் ஏற்கனவே நிறுத்திவிட்டேன்.

"ஏன் நிப்பாட்ட வேணும்? நல்லாத்தானே மறிக்கிறாய்," என்றேன்.

அவள் கையை நீட்டி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "அம்மா, தலை சுத்துதோ உங்களுக்கு?" என்றாள்.

மறுநாள் காலை பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். சப்பாத்து போட்டாகிவிட்டது, சாவி எடுத்தாகிவிட்டது, ரயிலுக்கும் நேரமாகிவிட்டது. ஆனாலும் நின்றாள். எதற்காக நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அப்ப போட்டு வாறன்," என்றாள்.

"ஓம். போட்டு வா."

கதவு சாத்தியது. படிகளில் அவளுடைய சத்தம் இறங்கிப் போனது. கணவர் தேநீரோடு குசினி வாசலில் வந்து நின்றார்.

"கவனம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. பிள்ளை அதுக்குத்தானே நிண்டது."

"சொல்லியிருந்தா என்ரை பயம் தெரிஞ்சு அவள் போயிருக்கமாட்டாள்," என்றேன்.

அவர் நான் வெட்டி வைத்திருந்த வெங்காயத்தைப் பார்த்தார். ஒரு பெரிய குவியல். எங்கள் மூன்று பேருக்கு ஒரு வாரத்துக்குப் போதும். இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து நின்று, அவரும் வெட்டத் தொடங்கினார்.